பரிவட்டமா, சாவியா?

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரையை ஒட்டியிருந்த வெண்பொழில் நாட்டைச் சேந்தவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். கடைசியாகக் காதில் விழுந்த பேச்சை நம்பிவிடுவார், அது ஒன்றுதான் கோளாறு. போன மாதம் ஒருவன் யானை அழகு என்றான். அரண்மனையில் ஆள் நிற்க இடமில்லாமல் யானையாய் வந்து சேர்ந்தது. இந்த மாதம் ஒரு பரதேசி வந்து, "செல்வம் சாமியை மறைக்கும் திரை" என்று சொல்லிவிட்டு, அரண்மனைச் சோற்றை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ராஜா காவி கட்டிக்கொண்டார். ஊரெங்கும் முரசு அறைந்தார்கள். "சொத்துள்ளவர் யாரும் இந்த வருஷம் தேர் வடத்தைத் தொடக் கூடாது! ஒன்றுமில்லாதவருக்கே பரிவட்டம்!"

பரிவட்டம் என்பது சாமிக்குச் சாத்தியதை எடுத்து, முதல் மரியாதையாகத் தலையில் கட்டும் பட்டுத்துணி. ஒரு முழம்தான் இருக்கும். அதற்காக அந்த ஊரில் அண்ணன் தம்பி பேசாமல் போனதுண்டு.

எண்ணெய்ச் செக்குக்குச் சொந்தக்காரியான அழகாத்தாளுக்கு, கொட்டகையில் முரசைக் கேட்டதும் கை ஓய்ந்துவிட்டது. அம்மை போட்டுக் கிடந்த மகள் பிழைத்தால் நாலு வீதியும் வடம் பிடிப்பதாக அவள் வேண்டியிருந்தாள். மகள் பிழைத்து, இப்போது வாசலில் மாட்டுக்குப் புண்ணாக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். செக்கை விட்டுவிடலாமென்றால், அதை நம்பிப் பதினோரு குடும்பம் இருக்கிறது.

அரசவையில் வல்லபராயர் என்றொருவர். வருஷா வருஷம் தேர் அச்சுக்கு எண்ணெய் கொடுக்கும் அழகாத்தாளைக் கோயிலில் மாலை போட்டு அழைப்பது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. முரசு ஓய்வதற்குள் அவர் தன் வீட்டை மைத்துனன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு, உடம்பெல்லாம் நீறு பூசி, நாலு முழ வேட்டியோடு வந்து நின்றார். ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தேர் நாள். வல்லபராயர் தலையில் பரிவட்டம் ஏறியது. வடத்தை இழுத்தார்கள். அழகாத்தாளை அழைக்காததால் எண்ணெய் காணாத அச்சு பன்றி கத்துவது போல் கத்தியது. தேர் அசையவில்லை.

அழகாத்தாள் ஒரு குடம் எண்ணெயோடு வந்து வடத்தைத் தொடாமல் எட்டவே நின்றாள்.

"மகாராசா, எனக்கு வேண்டுதல் இருக்கு."

"செக்கைத் துறந்துவிட்டு வா, அம்மா. நானே துறந்திருக்கிறேன், பார்!"

வல்லபராயர் செருமினார். "அந்தப் பாவச் சுமை வேறொரு சம்சாரியைக் கெடுக்கக் கூடாது, பிரபு. ஆசையற்றவன் யாராவது தாங்கிக்கொள்ள வேண்டும். அடியேன் வேண்டுமானால்..."

அழகாத்தாள் இடுப்பிலிருந்து கொட்டகைச் சாவியை உருவினாள்.

"ராயருக்கே தர்றேன் மகாராசா. ஆனா ஒருத்தருக்கு ரெண்டு சுமை எதுக்கு? பரிவட்டத்தை அவுத்து, சக்கரத்துக்குக் கட்டை போடுற மாடப்பனுக்குக் கட்டட்டும். சாவியை வாங்கிக்கட்டும். இல்லை, பரிவட்டமே போதும்னா சாவி என்கிட்டயே இருக்கட்டும். எதுன்னு ராயர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

வல்லபராயரின் வலக்கை சாவிக்கு நீண்டது. இடக்கை தலையைப் பொத்திக்கொண்டது. வலக்கை பின்வாங்கியது. மறுபடி நீண்டது.

"சொல்லுங்க ராயரே, சாமி வெயில்ல நிக்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

"அது... யோசித்து..."

"யோசிக்கவா?" ராஜா முகம் சிவந்தது. "ஆசையற்றவன் 'இரண்டும் வேண்டாம்' என்றல்லவா சொல்லியிருப்பான்! அதற்கு இத்தனை நேரமா?"

சிரிப்பொலியில் கோபுரத்துப் புறாக்கள் பறந்தன. ராஜா அழகாத்தாள் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் செக்கை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?"

"எண்ணெயைக் குடத்துலயே வெச்சிருந்தா காறிப்போகும் மகாராசா. ஆத்துல கொட்டினா மீன் சாகும். அச்சுல ஊத்தினா சாமி வீதிக்கு வரும். குடத்தை வெறுத்து என்ன பண்ண? எங்க ஊத்துறோம்கிறதுதானே?"

ராஜா தன் காவியைக் குனிந்து பார்த்தார். துவைத்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

பரிவட்டம் மாடப்பன் தலைக்குப் போனது. முரசில் சொன்ன தடையும் நீங்கியது. நாலு வீதியும் குடத்தைச் சுமந்து அச்சுக்கு எண்ணெய் விடும் வேலை வல்லபராயருக்கு. இரண்டாம் வீதி முடிவதற்குள் நீறெல்லாம் எண்ணெயில் குழைந்து வழிந்தது. சாயங்காலம் வீட்டைத் திருப்பிக் கேட்டபோது, "துறவிக்கு எதுக்கு மாமா வீடு?" என்று மைத்துனன் கதவைச் சாத்திக்கொண்டான். ராஜா தலையிட்டபின்தான் திறந்தான்.

அன்று வடத்தின் முதல் பிடியில் அழகாத்தாளும் அவள் மகளும் நின்றார்கள். காவியை வரிந்து கட்டிக்கொண்டு ராஜா வடத்தின் வால் பக்கம் போய் நின்றார். தேர் சத்தமில்லாமல் நகர்ந்தது.