ஆடி மாதத்துப் பேய்

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவள் செங்கமலம். அங்கன்வாடியில் சத்துணவு சமைத்தவள். மூன்று படங்களில் பேயாக நடித்தவள். பேயாக நடித்ததைச் சொல்லும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வாள். அதனால் நானும் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்வேன். நீ படுத்துக்கொள். ஆனால் ‘ம்’ சொல்ல வேண்டும். கொட்டாவி விட்டால் அது கணக்கில் சேராது.

ஒரு ஊர்ல ஒரு பேய் இருந்தது. அந்தப் பேய் இடது கையில் கடிகாரம் கட்டியிருந்தது.

பேய்க்கு எதற்குக் கடிகாரம் என்கிறாயா? பொறு, சொல்கிறேன்.

அந்த ஊரில் நடேசன் என்பவர் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தங்கை கோமளா. அண்ணன் எடுத்துவந்ததைக் கணினியில் வெட்டி ஒட்டுவது அவள் வேலை. தாலி கட்டும்போது ரோஜா இதழ் பொழியவைப்பாள். மாப்பிள்ளை முகத்தை இதய வடிவத்துக்குள் வைப்பாள். வருஷம் முழுக்க அதேதான். ஆடி மாதம் வந்தால் முகூர்த்தம் கிடையாது. கேமரா சும்மா கிடக்கும். மண்டபம் சும்மா கிடக்கும். கோமளாவுக்கு மட்டும் சும்மா இருக்க முடியாது.

“அண்ணே, ஆடிக்குக் கேமராவக் குடு. பேய்ப்படம் எடுக்கப்போறேன்.”

“பேய் யாரு?”

“செங்கமலம் அக்கா.”

“அவங்களுக்கு அங்கன்வாடி இருக்கே?”

“பேய் மூணு மணிக்கு மேலதான் வரும்.”

நடேசன் சிரித்துவிட்டார். “சரி, மூணு ஆடி தர்றேன். மூணாவது படமும் ஊத்திக்கிச்சுன்னா, அப்புறம் ஆயுசுக்கும் நீ ரோஜாப்பூ போட்டுக்கிட்டே இருக்கணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றாள் கோமளா. ‘ம்’ எங்கே? சரி.

முதல் ஆடி. ஊரையே நடுங்கவைக்கும் படம் எடுக்கவேண்டும் என்றுதான் எடுத்தாள். வேலை முடிந்து ஓடிவந்த செங்கமலம் வெள்ளைப் புடவை கட்டினாள், தலையை விரித்தாள், கடிகாரத்தைக் கழற்ற மறந்தாள். கிணற்றுக்குள்ளிருந்து ஏறிவந்தாள். அப்புறம் கோமளா படத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்தாள். ஆறு வருஷத்துப் பழக்கம் பார். ஒரு பெண் குனிந்த தலையை நிமிர்த்தினால், கோமளாவின் விரல் தானாகப் பூப்பொழியும் பொத்தானுக்குப் போகும். போய்விட்டது. காலையில் முடித்த படத்தைப் பிற்பகலில் போடவேண்டும் என்ற அவசரத்தில், அவள் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

மண்டபத்து ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் கட்டி, ஆளுக்கு முப்பது ரூபாய் டிக்கெட். பேய் கிணற்றிலிருந்து தலையைத் தூக்கியது. க்ர்ர்ரீச்! கூட்டம் மூச்சைப் பிடித்தது. அப்போ, பொலபொலபொலவென்று ரோஜா இதழ்! பீப்பீ, டும்டும் என்று கெட்டிமேளம்! இதயத்துக்குள் பேய் முகம்! கையில் கடிகாரம் பளிச்! கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

கோமளா மண்டபத்துச் சமையற்கட்டுக்குள் ஓடி அழுதாள். “சிரிக்கிறாங்கக்கா!”

“சிரிச்சாலும் எந்திரிச்சுப் போகலையே” என்றாள் செங்கமலம். “கண்ணத் துடை.”

இரண்டாவது ஆடி. கோமளா யோசித்தாள். தெரியாமல் மோசமாக எடுத்ததற்கே இத்தனை சிரிப்பு என்றால், வேண்டுமென்றே மோசமாக எடுத்தால்? வாசலில் பலகை வைத்தாள்: ‘சிரிக்காவிட்டால் பணம் வாபஸ்.’ பேய்க்கு இரண்டு கையிலும் கடிகாரம். அட்டையில் வெட்டிய பல். பறக்கிற பேயின் இடுப்பில் கொடிக்கயிறு. ஒவ்வொரு வேடிக்கைக்கும் பேய் கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்க வேண்டும் என்றாள். செங்கமலத்துக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் அடித்தாள்.

படம் ஓடியது. பூ விழுந்தது. யாரோ ஒருவர் ‘ம்’ என்றார், நீ இப்போது சொன்னாயே, அப்படி. அப்புறம் அதுவும் இல்லை. மண்டபத்து மின்விசிறி மட்டும் கடக், கடக், கடக்.

ஆட்டம் முடிந்ததும் பணம் திருப்பி வாங்க வரிசை நின்றது. கோமளா தலை குனியாமல் ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். மண்டபத்து மின்கட்டணத்துக்கு டிக்கெட் பணத்திலிருந்தே எடுத்திருந்ததால், கடைசி ஆளுக்குப் பெட்டி காலி. கடைசி ஆள் ஐஸ் கம்பெனி சூசை. “இவரு கல்யாணத்தன்னைக்கு மூணு மணி நேரம் வீடியோ எடுத்தேன், சிரிச்சு ஒரு பல்லு காட்டல” என்று நடேசனே சொல்வார்.

“இருக்கட்டும் தங்கச்சி, விடு” என்றார் சூசை.

“இல்லண்ணே. பலகையில எழுதிட்டேன். தருவேன்.”

“அப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. போன வருசம் அந்தம்மா நெசமாவே பேயி. எனக்கே சிரிப்புல வாய் கோணிச்சு. இந்த வருசம் எங்களப் பாத்துக் கண்ணடிக்கிது. எல்லாச் சிரிப்பையும் நீங்களே சிரிச்சு முடிச்சிட்டா, எங்களுக்கு என்ன மிச்சம்?”

மூன்றாவது ஆடி. தூங்கிவிட்டாயா? இல்லை. நல்லது.

“வேடிக்கையே வேண்டாங்க்கா” என்றாள் கோமளா.

“ஏன் வேண்டாம்? பூ விழட்டும், கயிறு தெரியட்டும், அட்டைப் பல்லு ஆடட்டும். அது உன் வேலை. ஆனா நான் கண்ணடிக்க மாட்டேன். நான் பேயி. பயமுறுத்த வந்திருக்கேன். என் மேல பூவக் கொட்டினா எனக்குக் கோவம் வராதா?”

அதே மண்டபம், அதே பலகை. நடேசன் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். பேய் ஏறிவந்தது. பொலபொலவென்று பூ. பேய் திடுக்கிட்டது, தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, தொபுக்கென்று உள்ளே இறங்கிவிட்டது. மறுபடி ஏறியது. மறுபடி பொலபொல. பேய் பல்லைக் கடித்தது. அட்டைப் பல் கழன்று கிணற்றில் விழுந்தது. ப்ளக்! மூன்றாம் தடவை பேய் ஏறவில்லை. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. மழை தூறுகிறதா என்று பார்ப்போமே, அப்படி உள்ளங்கையை விரித்துப் பார்த்தது. ஒரு இதழும் விழவில்லை. பேய் கம்பீரமாக எழுந்து நின்று, “ஆஆஆ” என்று வாயைத் திறந்தது. தலைக்கு மேல் பெரிய எழுத்தில் வந்தது: ‘நல்வரவு.’

“ஹுக்” என்று ஒரு சத்தம். சூசை. “ஹுக், ஹுக்.” அப்புறம் நாற்காலியோடு தடால்! அப்புறம் மண்டபமே கிடுகிடு.

கடைசியில் பேய் கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்தது. தலையில் சிக்கிய ஒரு இதழை எடுத்துப் பார்த்தது. தூக்கிப் போடப் போனது. போடவில்லை. காதோரம் செருகிக்கொண்டது. அதைச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பாள் செங்கமலம். அத்தனை சிரித்த கூட்டத்தில், பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நடேசன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். “அடுத்த ஆடிக்கும் கேமரா உனக்குத்தான்” என்றார்.

கோமளா அதைக் கேட்க நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறிய சூசையை வாசலில் மறித்து, ரூபாய்த் தாள்களை எடுத்தாள்.

“எதுக்கு? இன்னைக்குத்தான் சிரிச்சிட்டேனே!”

“இது போன வருசத்துக்குண்ணே. அந்தப் படம் நல்லா இல்ல. அத நான்தான் சொல்லணும். பிடிங்க.”

சூசை அவள் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டினார்.

பேய் கிணற்றுக்குள் இறங்கியாயிற்று, நீ போர்வைக்குள் இறங்கு. கதையும் தூங்கப் போகிறது, நீயும் கண்ணை மூடு. என்ன? எண்ணிக் கொடுத்தாளா என்றா? எண்ணித்தான் கொடுத்தாள், மூன்று பத்து ரூபாய்த் தாள். முப்பது ரூபாய்.