கடைசி இடத்தின் உயரம்

"நீங்க சொன்னாத்தான் கேப்பா டீச்சர். ரெண்டு நாளா என்கிட்ட பேச்சே இல்லை" என்றார் ஏட்டு சீனிச்சாமி.

அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். தாவரவியல் ஆசிரியை ஜெபமலருக்கு முப்பத்திரண்டு. ஆயினும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் பேசினார்.

"என்ன விஷயம், மாரீஸ்வரி?"

ஆய்வகத்தின் வாசலில் நின்ற மகள் தரையைப் பார்த்தாள்.

"அவரையே கேளுங்க டீச்சர். அளந்தது அவருதான்."

ஏட்டு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

மருத்துவக் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியல் அது. வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தி இணையத்தில் பதிய வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டப்படும். அதன் பிறகு ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது.

தாளில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றும் பல் மருத்துவக் கல்லூரிகள்.

"எம்.பி.பி.எஸ். சேரணும்னுதானே ரெண்டு வருஷமா உக்காந்து படிச்சா?"

"படிச்சா. ஐநூத்து நாப்பத்தேழு வாங்கினா. போன வருஷம் எங்க பிரிவுக்கு கட்-ஆஃப் எந்தக் காலேஜ்லயும் ஐநூத்து அம்பத்தொண்ணுக்குக் கீழ இறங்கலை. நாலு மார்க் கம்மி."

"அதனால?"

"அதனால அவ எழுதியிருந்ததை எல்லாம் அடிச்சுட்டேன்."

"ஒண்ணுகூட விடாமலா?"

"எழுதறதே முறை இல்லை டீச்சர். இருபது வருஷம் போலீஸ் ஆளெடுப்புல உயரம் அளந்தவன் நான். அரை சென்டிமீட்டர் கம்மின்னு எத்தனையோ பையங்களைத் திருப்பி அனுப்பியிருக்கேன். ஒருத்தன் கால்லயே விழுந்தான். அப்பவும் அளவுக் கோட்டை இறக்கலை. எம் பொண்ணுக்கு மட்டும் இறங்கணுமா?"

"இறக்கச் சொல்லலைப்பா. எழுதத்தானே சொன்னேன்" என்றாள் மாரீஸ்வரி.

"எட்டாததை மேல எழுதினா, எட்டுறதும் கையை விட்டுப் போயிரும்."

ஜெபமலர் தாளை மேசைமேல் வைத்தார். பறந்துவிடாதபடி அதன்மேல் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார்.

"பிளஸ் டூ மார்க், வயசு, நீட் தகுதி மார்க். இந்த மூணுலயும் இவளுக்குக் குறை ஏதும் உண்டா?"

"கிடையாது. நானே ரெண்டு தடவை சரிபார்த்தேன்."

"அந்தக் கோடுகளைப் போட்டது யாரு?"

"அரசாங்கம்."

"இந்த ஐநூத்து அம்பத்தொண்ணைப் போட்டது?"

"அதுவும் மேலிடந்தான்."

"மேலிடத்துல யாரு?"

ஏட்டு யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை.

மணி அடித்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் ஆய்வகத்துக்கு வந்தார்கள். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு கிடந்தது. அதில் ஆறு பேர் உட்காரலாம். மற்றவர்களுக்குப் பின்னால் முக்காலிகள் உண்டு.

"இன்னிக்கு உயரமானவங்க முதல்ல வாங்க" என்றார் ஜெபமலர்.

பெண்கள் ஒருத்தியையொருத்தி தோளோடு தோள் உரசிப் பார்த்து வரிசையானார்கள். முதல் ஆறு பேர் பெஞ்சில் அமர்ந்தார்கள். ஆறாவதாக அமர்ந்தவளைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, ஆசிரியை சுண்ணக்கட்டியை ஏட்டிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்க ஏட்டையா. உங்க கைதான் கோணாது."

ஏட்டு அவள் தலைமேல் விரலை வைத்து அழுத்தி, கோணாமல் சுவரில் ஒரு கோடு இழுத்தார். பழக்கத்தில் இரண்டடி பின்வாங்கி அதைச் சரிபார்த்தார்.

"குதிகாலைத் தூக்கலையே?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்கவும் செய்தார்.

"இதுக்கு எதுக்கு சார் தூக்கணும்?" என்றாள் அவள்.

ஜெபமலர் அந்த வகுப்பை வெளியே அனுப்பினார். பக்கத்து அறையிலிருந்து பதினோராம் வகுப்பை அழைத்தார். அதே பெஞ்சு. அதே வரிசை. ஐந்து பேர் அமர்ந்தபின் ஆறாவதாக இரட்டைச் சடைக்காரி ஒருத்தி வந்து அமர்ந்தாள். செண்பகவல்லி என்று பெயர்.

"எந்திரிச்சு சுவரோரம் நில்லு."

அவள் நின்றாள். ஏட்டு போட்ட கோடு அவள் தலைக்கு நான்கு விரல் மேலே இருந்தது.

"சரி, போய் உக்காரு" என்ற ஜெபமலர் ஏட்டைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு கோட்டுக்குக் கீழ இருக்கா. எழுப்பி அனுப்புங்க."

சீனிச்சாமி பெஞ்சருகே போனார். ஆளெடுப்புத் திடலில் உயர்த்தும் கையை உயர்த்தினார்.

"எந்திரி பாப்பா."

"எதுக்கு சார்?"

"கோட்டுக்கு நாலு விரல் கம்மியா இருக்கே."

செண்பகவல்லி திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

"அது இப்ப வெளிய போன பிளஸ் டூ அக்காங்களுக்குப் போட்ட கோடு சார். எங்க கிளாஸ்ல எனக்கு மேல அஞ்சு பேருதான். இடம் இருந்துச்சு, உக்காந்துட்டேன்."

உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது.

"ஏழாவதா நின்ன பிள்ளை எங்கே?" என்றார் அவர். குரலில் போலீஸ் அதட்டல் இல்லை.

பின்வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"நான்தான் சார். பெஞ்சு இல்லைன்னாங்க, முக்காலிக்கு வந்துட்டேன். முக்காலி எங்கயும் ஓடிப் போகலை சார், கவலைப்படாதீங்க."

வகுப்பு சிரித்தது. மாரீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மணி இருபது நிமிடம்.

சீனிச்சாமி சுவரிடம் போனார். கோட்டின்மேல் விரலை வைத்தார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"அடுத்து வர்ற கிளாஸ் இதைவிட உயரமா இருந்தா?"

"கோடு மேல போகும்."

"அப்ப எம் பொண்ணுக்கு..."

"கிடைக்காது. எழுதாம வாசல்லயே நின்னாலும் கிடைக்காது" என்றார் ஜெபமலர்.

ஏட்டு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். மறுபடி கழற்றினார்.

"மாரி, போனை எடு."

"எதுக்குப்பா?"

"நீ முதல்ல எழுதினியே, அந்த வரிசையிலயே எழுது. ஒண்ணையும் விடாதே."

"அப்ப பல் மருத்துவம்?"

"அது முக்காலி. கடைசியில கிடக்கட்டும்."

அவள் இரண்டு நாள்களுக்குப் பிறகு முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முக்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வேகமாகப் பதியத் தொடங்கினாள். பாதியில் திரை உறைந்தது. ஏட்டு கைப்பேசியைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். ஓ.டி.பி. எண் வருவதற்குள் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பட்டியல் ஏறியது.

"இதுக்கு மேல?" என்றார் சீனிச்சாமி.

"இதுக்கு மேல வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்றார் ஜெபமலர்.

*

பதினோராம் நாள் மதியம் ஏட்டு வந்தார். கூட வந்த மகள் மைதானத்திலேயே நின்றுவிட்டாள். சீருடை இல்லை. வேட்டி கட்டியிருந்தார். ஆய்வகத்துக்குள் வந்தவர் நீள பெஞ்சில் உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்து, நீண்ட நாள் அடக்கிவைத்த மூச்சை வெளியே விட்டார்.



"மலையடிவாரத்துக் காலேஜ்" என்றார். "எம்.பி.பி.எஸ்."

"நல்லது."

"எங்க பிரிவுக்கு இருந்ததுலயே கடைசி இடம் டீச்சர். அதுக்கப்புறம் ஒண்ணுமில்லை. அடுத்து நின்ன பிள்ளைக்குப் பல் மருத்துவம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுண்ணத்தூள் பட்டுவிட்டது என்றார். அன்று அந்த அறையில் யாரும் சுண்ணக்கட்டியைத் தொடவில்லை.

பதினோராம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஜெபமலர் எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"அடுத்த வருஷத்துப் பிள்ளைங்க கேப்பாங்க ஏட்டையா. இந்த வருஷம் உங்க பிரிவுக்கு கட்-ஆஃப் என்ன?"

சீனிச்சாமி மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. சன்னல் வழியே மைதானத்தைக் காட்டினார்.

"அதோ, செண்பகவல்லிகிட்ட கொய்யாக்காயைப் பிடுங்கிக் கடிச்சிட்டு நிக்குது."