ஒன்பதாவதாக வந்த பிள்ளை

சவ்வாது மலையடிவாரத்தில் ஒரு தியானக் குடில். அதை நடத்திவந்தவர் மங்கையர்க்கரசி. முன்பு நர்ஸாக வேலை பார்த்தவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தில்லைநாயகம் அறுபதைத் தாண்டியவர். கல்லூரியில் வானியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சீடர் குருவை "அம்மா" என்பார். குரு சீடரை "ஐயா" என்பார்.

குடிலின் ஆண்டுவிழாவுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் நாடகம் போட வந்தார்கள். ஜெசிந்தா டீச்சர் பழக்கியிருந்தார். மஞ்சள் துணி போர்த்திய ஒரு பெண் நடுவில் நின்றாள். அவள்தான் சூரியன். மற்றவர்கள் கோள்களாக, அட்டைத் தொப்பி வைத்துக்கொண்டு அவளைச் சுற்றி வந்தார்கள். அவரவர் முறை வந்ததும் நின்று ஒரு வரி சொன்னார்கள்.

கடைசியாக வந்தவள் பவதாரணி. மூன்றாம் வகுப்பு. திக்கிப் பேசுவாள் என்பதால் அதுவரை எந்த நாடகத்திலும் அவளைச் சேர்த்ததில்லை. "நான் புளூட்டோ. எனக்கு ரொம்பக் குளிரும்." இவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியது.

அவள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொண்டது. மறுபடி முயன்றாள். அந்த இடைவெளியில் முன்வரிசையிலிருந்து தில்லைநாயகத்தின் குரல் கேட்டது.

"டீச்சர், இப்ப கோள்கள் எட்டுதான். புளூட்டோவை எடுத்துப் பல வருஷமாச்சு. பிள்ளைங்க மனசுல தப்பாப் பதிஞ்சிடக் கூடாது பாருங்க. அந்தப் பாப்பா உட்கார்ந்துக்கட்டும்."

தன்மையாகத்தான் சொன்னார். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

ஜெசிந்தா டீச்சரின் முகம் சுருங்கிப்போயிற்று. "சரிங்க சார். எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

பவதாரணி தொப்பியைக் கழற்றினாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள். அங்கே அவள் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், செல்போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மகள் பக்கத்தில் வந்ததும் போனைத் தாழ்த்திப் பையில் போட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்தபோதுதான் தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது.

சாப்பாட்டுப் பந்தியில் அவர்களைத் தேடிப் போனார். "நீ வேணும்னா சந்திரனா வர்றியா கண்ணு? டீச்சர்கிட்ட நான் சொல்றேன்."

பிள்ளை இலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. அப்பாதான் எழுந்து நின்றார், எச்சில் கையோடு.

"பரவாயில்லைங்க சார். படிச்சவங்க நீங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று பட்டது தில்லைநாயகத்துக்கு. சாப்பிடாமலே தன் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை மங்கையர்க்கரசி சமையலறை வாசலில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நான் சொன்னது தப்பா?"

"இல்லைங்க ஐயா. எட்டுதானே."

அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"புளூட்டோவை எதுக்காக எடுத்தாங்க?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

"கோள்னா சூரியனைச் சுற்றணும். உருண்டையா இருக்கணும். தன் பாதையில பக்கத்துல வேற எதுவும் இல்லாம ஒதுக்கியிருக்கணும். கடைசிது புளூட்டோவால முடியலை. அதனால குறுங்கோள்னு தனியா வெச்சுட்டாங்க. எல்லாரும் ஒத்துக்கலை. இன்னும் சண்டை நடந்துக்கிட்டுதான் இருக்கு."

"நீங்க உடனே ஒத்துக்கிட்டீங்களா?"

"இல்லை. கோபம்தான் வந்தது. அந்த வருஷம் முழுக்க வகுப்புல ஒன்பதுன்னுதான் நடத்தினேன்."

"அப்ப உங்களை யாராவது உட்காரச் சொன்னாங்களா?"

தில்லைநாயகம் குருவின் முகத்தைப் பார்க்க முடியாமல் முறத்திலிருந்து ஒரு காயை எடுத்தார். நார் எந்தப் பக்கம் என்றே அவருக்குப் பிடிபடவில்லை.

காயைத் திரும்ப முறத்திலேயே போட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போறேன்மா. டீச்சர்கிட்டயும் அந்தப் பிள்ளைகிட்டயும் மன்னிப்புக் கேட்கறேன். ஆனா அவங்க மறுபடி நாடகம் போட்டா? ஒன்பதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

"சொல்ல வேண்டாம். எட்டுன்னே சொல்லுங்க."

"அப்ப அந்தப் பிள்ளைக்கு ஏது இடம்?"

மங்கையர்க்கரசியின் கை நின்றது.

"கோள் இல்லைன்னு முடிவான அன்னைக்கு, புளூட்டோ சுற்றுறதை நிறுத்திடுச்சாங்க ஐயா?"

"இல்லை."

"அப்புறம் அந்தப் பிள்ளையை ஏன் உட்காரச் சொன்னீங்க?"