விடத் தெரியாத கை

"எப்ப மாஸ்டர் எனக்கு வெயிட் ஏத்துவீங்க?" என்று கேட்டாள் தேன்மொழி. "வெறுங்கம்பியே தூக்கிட்டிருந்தா எம் பிள்ளைய எப்பத் தூக்குறது?"

மாஸ்டர் ரெஜினா அவளைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் அந்த எடை தூக்கும் கூடத்தில் எல்லோருக்கும் அவளிடம் பயம்.

பிரசவத்துக்குப் பிறகு தேன்மொழிக்கு இடுப்பு ஒருமுறை பிடித்துக்கொண்டது. வீறிட்டு அழுத பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் தூக்கினாள். இன்னொரு தடவை பிடித்தால்? முதுகுக்குப் பலம் வேண்டுமென்றுதான் இங்கே வந்து சேர்ந்தாள்.

"கம்பிய இடுப்பு வரைக்கும் தூக்குங்கக்கா."

தூக்கினாள். முதுகு நேராகவே இருந்தது.

"இப்ப கீழ போடுங்க."

தேன்மொழி மெதுவாகக் குனிந்தாள். தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல், ஓசைப்படாமல், கம்பியைத் தரையில் வைத்தாள். முதுகு வில்லாக வளைந்தது.

"போடச் சொன்னேன். வைக்கச் சொல்லல. கைய விடத் தெரிஞ்சாத்தான் வெயிட்."

"ஆயுதபூஜைக்குப் பொட்டு வச்ச கம்பி மாஸ்டர். போட்டா பாவம்."

பக்கத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த சம்சுதீன் சிரித்தான். "கம்பி ஒண்ணும் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடாதுக்கா."

"நீ உன் முட்டிய கவனி," என்றாள் ரெஜினா.

அன்று முழுக்க மாஸ்டர் வேறு பாடமே எடுக்கவில்லை.

"போடுங்க."

தேன்மொழி வைத்தாள்.

"போடுங்கக்கா."

வைத்தாள்.

மறுநாள் கோபத்தோடு வந்தாள். மாஸ்டர் வருவதற்குள் தானே கம்பியின் இரண்டு பக்கமும் ரப்பர் தட்டுகளை மாட்டினாள். சம்சுதீன் வேண்டாமென்று தலையாட்டினான். அவள் பார்க்கவில்லை.

காலை ஊன்றித் தூக்கினாள். கம்பி முட்டியைத் தாண்டியது. அங்கே முதுகு வளைந்துவிட்டது. இடுப்பில் அதே பழைய இடத்தில் சுருக்கென்றது. இன்னும் ஒரு இழுப்புதான், அறுந்துவிடும் போலிருந்தது.

பாவமா, பிள்ளையா என்று யோசிக்க நேரமில்லை.

கை விட்டது.

கூடமே அதிர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ரெஜினாவும் நிமிர்ந்தாள்.

தேன்மொழிக்கு இடுப்பு வலிக்கவில்லை. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. கம்பியின் முன்னால் மண்டியிட்டு, அதைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மன்னிச்சிடு சாமி. ரொம்ப அடிபட்டிருக்குமே."

ரெஜினா அருகில் வந்து நின்றாள்.

"அதுக்கு முதுகு கிடையாதுக்கா."