தரகர் வாங்கிய பச்சோந்தி

மாட்டுத் தரகர் மொக்கராசு மூங்கில் கூண்டைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார். மூச்சு வாங்கியது. கோபமும் கூடவே ஏறி வந்திருந்தது.

குரு இருளாயி மரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் இரண்டு வருஷமாக அவர் அவளுக்குத்தான் சீடர்.

"தாயி, இந்தப் பச்சோந்தி சாகப் பாக்குது. தண்ணி குடிச்சு அஞ்சு நாளாச்சு."

கூண்டுக்குள் பச்சோந்தி ஒரு குச்சியைப் பற்றியபடி அசையாமல் இருந்தது. உடம்பு கருத்து, கண் உள்ளே போயிருந்தது. அதன் முன்னால் ஒரு வெண்கலக் கிண்ணம், நிறையத் தண்ணீர்.

"எப்படிப் பொறுக்கி வாங்கினீங்க?"

"சந்தையில ஆறு வெச்சிருந்தான். மாடு பாக்குற மாதிரிதான் பாத்தேன். வாலை முறுக்கினேன். வாயைப் பிளந்தேன். அஞ்சும் சும்மா இருந்துச்சு. இது மட்டும் சீறிக்கிட்டு நிறம் மாறுச்சு. துடியான சரக்குன்னு எடுத்தேன்."

"துடி இல்ல தரகரே. பயம்."

"பயமா? என்னைப் பாத்தா?"

"உங்க வாயை யாராவது பிளந்து பாத்தா என்ன செய்வீங்க?"

"அறைஞ்சிருப்பேன்."

"அதால அறைய முடியல. சரி, வீட்டுக்குக் கொண்டுபோய் எப்படி வெச்சிருந்தீங்க?"

"ராசா மாதிரி. காலையிலயும் சாயங்காலமும் வெளிய எடுத்துக் கழுத்தைத் தடவி விடுவேன். எந்த மாடும் அதுல மயங்கிரும். கிண்ணத்துல மூக்கை அமுக்கியும் பாத்துட்டேன். குடிக்க மாட்டேங்குது. திமிரு."

"இது போனா சந்தையில வேற கிடைக்காதா? இதுக்காகவா இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?"

மொக்கராசு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"முப்பது வருஷமா என் கைக்கு வந்ததெல்லாம் விக்கத்தான் வந்துச்சு தாயி. வெச்சுக்கலாம்னு வாங்கினது இது ஒண்ணுதான்."

அவள் எழுந்து கூண்டுக்குள்ளிருந்து கிண்ணத்தை எடுத்தாள்.

"தேங்கி நிக்கிற தண்ணி இதுக்குத் தண்ணியாவே தெரியாது. இலையில சொட்டணும்."

கிண்ணத்தில் கையை நனைத்துச் பக்கத்திலிருந்த செம்பருத்திச் செடியின் மேல் தெளித்தாள். கூண்டைத் திறந்து செடியோடு ஒட்டி வைத்தாள். வெகுநேரம் கழித்துப் பச்சோந்தி ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு இன்னொரு கால். கிளைக்கு வந்து நின்றது. அதற்கு எதிரில் இலை நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மொக்கராசு குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். அதன் ஒரு கண் சொட்டைப் பார்த்தது. மறு கண் அவரைப் பார்த்தது. வாய் திறக்கவில்லை.

"தண்ணி தெரியுதுல்ல தாயி? இப்ப என்ன கேடு?"

"நீங்களும் தெரியறீங்க. பத்தடி தள்ளிப்போய் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

போய் நின்றார். கால் மாற்றி நின்றார். நாக்கை நீட்டுமா, உறிஞ்சுமா, எப்படித்தான் குடிக்கும் இது? கழுத்து தானாகத் திரும்பப் போயிற்று. பிடித்து நிறுத்தினார்.

"குடிக்குதா?"

பின்னால் கீரைத் தண்டு ஒடியும் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன். அஞ்சு நாளாக் காத்துக் கிடக்கேன்ல?"

"அது குடிக்கணுமா, நீங்க பாக்கணுமா?"

மொக்கராசு வெயில் சாயும்வரை திரும்பவில்லை.