மூன்று அணிகளின் முதலாளி

மலையடிவாரத்தில் ஒரு குளம் இருந்தது. குளத்தை ஒட்டிப் புல்வெளி, அதற்கு மேலே பாறைமேடு, மேட்டுக்குப் பின்னால் மூங்கில்காடு. இந்த நாலு இடத்து மிருகங்களுக்கும் விளாங்காய் ஆட்டம் என்றால் உயிர். விளாங்காயை உருட்டிக்கொண்டு போய் எதிரணியின் கோட்டைத் தாண்டவைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். குளத்துக்கு நீர்நாய்கள் ஆடின. புல்வெளிக்கு முயல்கள், பாறைமேட்டுக்குக் குரங்குகள், மூங்கில்காட்டுக்கு முள்ளம்பன்றிகள்.

மரநாய் சடையன் ஆடத் தெரியாதவன். நாலு எட்டு ஓடினால் அவனுக்கு மூச்சிரைக்கும். ஆனால் வியாபாரத்தில் கெட்டிக்காரன். குளத்து மீனைக் கருவாடாக்கி மேட்டுக்குக் கொண்டுபோவான். மேட்டுத் தேனைக் குளத்துக்குக் கொண்டுவருவான். ஆட்ட நாளில் மட்டும் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கரையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவான். நீர்நாய்கள் தோற்றால் அன்று அவனுக்குச் சோறு இறங்காது.

ஒரு கோடையில் குளம் வற்றிப்போனது. நீர்நாய் அணியின் தலைவி வடிவி, ஒட்டிய வயிற்றோடு குட்டிகளைச் சேற்றோரம் படுக்கவைத்திருந்தாள். குளத்து மிருகங்கள் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போய்விட்டன. ஒருவர்கூட அணியைப் பற்றி யோசிக்கவில்லை.

சடையன்தான் கருவாட்டோடு வந்தான்.

"சாப்பிடு வடிவி. குட்டிங்களுக்கும் கொடு. இனிமே உங்க சாப்பாடு என் பொறுப்பு."

"எங்ககிட்ட கொடுக்க ஒண்ணும் இல்லையே, அண்ணே."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அணி என் அணியா இருக்கட்டும். நான் சொல்ற இடத்துல ஆடுங்க. போதும்."

வடிவி குட்டிகளைப் பார்த்தாள். சரி என்றாள்.

அந்த வருஷம் நீர்நாய்கள் எல்லாரையும் ஜெயித்தன. மழை வந்து குளம் நிறைந்ததும் திரும்பி வந்த மிருகங்கள் சடையனைத் தூக்கிவைத்து ஆடின. எருமை அவனைத் தன் முதுகில் ஏற்றிக் குளத்தைச் சுற்றி வந்தது. "நம்ம சடையன்! நம்ம சடையன்!" என்று தவளைகள் கத்தின. கருவாடு விற்றபோது யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது.

அடுத்த வருஷம் புல்வெளியில் தீப்பிடித்தது. சடையன் கிழங்கு மூட்டையோடு போனான். முயல்கள் அவன் அணியாயின. அதற்குப் பின் குரங்குக் கூட்டத்தில் அடிதடி வந்து கூட்டம் இரண்டாக உடைந்தது. சடையன் தேனோடு போனான். குரங்குகளும் அவன் அணியாயின.

எருமைக்கு இது பிடிக்கவில்லை.

"ஏன் சடையா, குளமும் புல்வெளியும் மோதினா நீ எந்தப் பக்கம்?"

"எல்லாம் என் பிள்ளைங்கதானே. யார் ஜெயிச்சாலும் எனக்குச் சந்தோஷம்."

"எங்களுக்கு அப்படி இல்லையே" என்றது எருமை.

மேட்டில்தான் கூட்டம் அதிகம். பார்க்க வரும் ஒவ்வொரு மிருகமும் பழமோ கொட்டையோ கொண்டுவந்து போட வேண்டும் என்று சடையன் வைத்திருந்தான். அதனால் நீர்நாய்களையும் மேட்டுக்கே குடி மாற்றினான். அங்கே தண்ணீர் கிடையாது. நீர்நாய்களின் பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது. குட்டிகள் கருவாடு தின்றே வளர்ந்தன. மீன் பிடிப்பது எப்படி என்று அவற்றுக்குத் தெரியாமலே போயிற்று. வடிவி இப்போதெல்லாம் அவனை அண்ணே என்று கூப்பிடுவதில்லை. முதலாளி என்றாள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம் வந்தது. நீர்நாய்களும் குரங்குகளும் மோத வேண்டும். சடையன் வடிவியைத் தனியே கூப்பிட்டான்.

"நாளைக்குக் குரங்குங்க ஜெயிக்கட்டும், வடிவி."

"எதுக்கு முதலாளி?"

"அவங்க கடைசி ஆட்டத்துக்கு வந்தாத்தான் மேட்டுக் கூட்டம் மொத்தமா வரும். நீங்க வந்தா யார் வரப்போறா? குளத்துத் தவளையா?"

"நாங்க இதுவரை வேணும்னு தோத்ததில்லை."

"உனக்கு என்ன நஷ்டம்? ரெண்டும் என் அணிதானே."

"உங்களுக்கு ரெண்டு. எனக்கு ஒண்ணுதான்."

சடையன் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "குட்டிங்க நல்லா வளர்ந்திருக்கு" என்றான். "நல்லாச் சாப்பிடுதுங்க, இல்ல?"

வடிவி குட்டிகளிடம் திரும்பிப் போனாள்.

மறுநாள் ஆட்டம் முடியும் நேரத்தில் விளாங்காய் வடிவியிடம் வந்தது. எதிரே வழி திறந்து கிடந்தது. அவள் திரும்பினாள். விளாங்காயைத் தன் கோட்டுக்கே உருட்டிக்கொண்டு போய்த் தாண்டவிட்டாள்.

குளத்து மிருகங்கள் எழுந்தன. "துரோகி!" என்று ஒரு குரல் கிளம்பியது. அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்த தவளைகள் அவள்மேல் மண்ணை வாரி இறைத்தன. எருமை அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது. வடிவி கூட்டத்தைப் பார்க்கவில்லை. உயரப் பாறையில் உட்கார்ந்திருந்த சடையனைத்தான் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சொல்ல வேண்டும் என்றுதான் அவனுக்கும் தோன்றியது. கடைசி ஆட்டம் கெட்டுப்போகுமே என்று விழுங்கிவிட்டான்.

அன்றே வடிவி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆற்றோடு கீழே போய்விட்டாள். மீன் பிடிக்கத் தெரியாத குட்டிகள் அந்த ஆற்றில் என்ன ஆயின என்று யாரும் விசாரிக்கவில்லை.

பிறகுதான் மற்ற நீர்நாய்கள் வாய் திறந்தன. "முதலாளி சொல்லித்தான் அவ அப்படிச் செஞ்சா" என்றன. பேச்சு நாலு இடத்துக்கும் பரவியது. எருமை ஆற்றங்கரைவரை போய் வடிவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை.

அதன் பிறகு எந்த ஆட்டத்தையும் யாரும் நம்பவில்லை. முயல்கள் ஜெயித்தால், "இன்னிக்கு முயலுக்குச் சொல்லியிருக்கான்" என்றார்கள். தோற்றால், "தோக்கச் சொல்லியிருக்கான்" என்றார்கள். மூங்கில்காட்டு முள்ளம்பன்றிகள் யார் சோற்றையும் தின்னாதவை. அவை வந்து சடையனிடம் சொல்லிவிட்டுப் போயின: "உங்க அணிகளோட ஆடுறதால எங்களையும் சந்தேகப்படுறாங்க. இனிமே நாங்க ஆடலை."

மிஞ்சியது அவனுடைய அணிகள் மட்டும்தான். கூட்டமும் பாதியாகக் குறைந்தது. வந்தவர்கள் சிரிக்க வந்தார்கள்.

சடையன் தன் அணிகளை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினான். "இனிமே நான் யாருக்கும் எதுவும் சொல்லப்போறதில்லை. உயிரைக் கொடுத்து ஆடுங்க. யார் ஜெயிச்சாலும் சரி" என்றான். அவன் உண்மையாகத்தான் சொன்னான்.

அடுத்த வருஷக் கடைசி ஆட்டம் முயல்களுக்கும் குரங்குகளுக்கும். அப்படி ஒரு ஆட்டத்தை மலையடிவாரம் அதற்கு முன் கண்டதில்லை. முயல் அணித்தலைவன் சிட்டான் காற்றாகப் பறந்தான். குரங்குகள் விடவில்லை. ஆட்டம் முடியப்போகும் நேரம், சிட்டான் ஒரு தாவு தாவி விளாங்காயைக் கோட்டைத் தாண்டவைத்தான். அதே வேகத்தில் பாறையில் போய் மோதினான். பின்னங்கால் முறிந்த சத்தம் உயரப் பாறைவரை கேட்டது.

சிட்டான் அலறினான்.

கூட்டத்தில் ஒரு நரி சிரித்தது. "பரவாயில்லையே, நல்லா அழுறானே" என்றது. அதைக் கேட்டு மற்றவையும் சிரித்தன.

சடையன் பாறையிலிருந்து விழுந்தடித்து இறங்கி ஓடினான். மூச்சு முட்டியது. "கால் நிஜமா ஒடிஞ்சிருக்கு" என்று கத்தினான். "யாராவது வாங்க. தூக்கணும். என் ஒருத்தனால முடியாது."

"அடுத்தது முதலாளி அழுவாரு பாருங்க" என்றது நரி.

எருமை தூரத்தில் நின்றது. சிட்டானைத் தூக்கிப் போகிற முதுகு அதனிடம் இருந்தது. சடையன் அதைப் பார்த்துக் கை கூப்பினான். எருமை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு திரும்பிக் குளத்துப் பக்கம் நடந்தது. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

"எல்லாரும் ஏன் போறாங்க, முதலாளி?" என்று சிட்டான் கேட்டான். "நான் ஜெயிச்சேனே. பார்த்தாங்கதானே?"

"பார்த்தாங்க" என்றான் சடையன். முயலை முதுகில் போட்டுக்கொண்டு, இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியபடி சரிவில் இறங்கினான். சிட்டான் பிழைத்தான். ஆனால் அந்தக் காலால் அவன் பிறகு ஓடவே இல்லை.

தன் லாபத்துக்காக ஒருவரைத் தோற்கச் சொல்பவன், தனக்காக உழைக்கும் எல்லாருடைய வெற்றியையும் வலியையும் சேர்த்தே பொய்யாக்கிவிடுகிறான்.