மூன்று முறை இறைத்த குளம்

தவளைகளுக்கு மனிதரோடு பேசுவது இன்னும் அலுத்துப்போகாத காலம் அது. அந்தக் காலத்தில், பொருநை ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில், குத்தாலம் என்றொரு உப்பு வணிகன் இருந்தான். உப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டானென்றால், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.

அவனுடைய முதல் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் விட்டுப்போன மகள் உலகம்மைக்கு ஏழு வயது. அம்மா போன நாளிலிருந்து குழந்தை ஒரு சொல் பேசவில்லை.

குத்தாலம் கோமதியை மறுமணம் செய்துகொண்டான். கோமதி நல்லவள், கொஞ்சம் அவசரக்காரி. ஒரு பாத்திரத்தைக் கழுவி வைத்தால், அது காய்வதற்குள் இன்னொரு முறை கழுவுகிறவள். அப்படிப்பட்டவள் பேசாத குழந்தையிடம் என்ன செய்வாள்? காலையில் என்ன வேண்டும் என்று கேட்டாள். மதியம் எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். மாலையில் என்மேல் கோபமா என்று கேட்டாள். குழந்தை மூன்று வேளையும் தரையைப் பார்த்தது.

சித்திரை மாதத்தில் குழந்தையின் தாய்மாமன் நம்பி வந்தார். தங்கையின் முகம் அப்படியே குழந்தையிடம் இருப்பதைப் பார்த்துக் கண் கலங்கினார். ஆடி பிறந்ததும் திரும்பி வருவதாகவும், அப்போதும் பிள்ளை இப்படியே இருந்தால் தன்னோடு கூட்டிப் போய்விடப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

கோமதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தக் குழந்தை தன்னைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அது இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் அவள் கவனித்திருந்தாள். வழியில் இலை மிதக்கும் தண்ணீரைக் கண்டால் உலகம்மையின் கால் தானாக நின்றுவிடும். சரி, அந்தத் தண்ணீரை வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம் என்று கோமதி முடிவு செய்தாள்.

கொல்லையில், கிணற்றுக்குப் பக்கத்தில், இடுப்பளவு பள்ளம் தோண்டினாள். களிமண்ணைக் குழைத்து உள்ளே பூசி, காலால் மிதித்து இறுக்கினாள். வாயகன்ற சட்டியில் வண்டல் நிரப்பி, தாமரைக் கிழங்கை நட்டு, மண் கலங்காமலிருக்க மேலே ஆற்று மணலைப் பரப்பி, பள்ளத்துக்குள் இறக்கினாள். அடியில் வாழை இலையை விரித்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினாள். நாலு கெண்டைக் குஞ்சுகளையும் விட்டாள். மறுநாளே ஒரு தவளை குடி வந்துவிட்டது.

எட்டாம் நாள் தண்ணீர் பச்சையாகிவிட்டது. கோமதி பதறிப்போனாள். மீன்களைக் குடத்தில் எடுத்து வைத்து, வாளியால் தண்ணீரை இறைத்துக் கொட்டி, களிமண்ணைத் துடைத்து, புதுத் தண்ணீர் விட்டாள். கிழங்கில் வந்திருந்த முளை அதற்குள் வெயிலில் கருகிவிட்டது. தவளை மேட்டில் உட்கார்ந்து, வந்த ஏழு நாளில் வீட்டைப் பிரித்துவிட்டார்களே என்று முனகியது.

மறுபடியும் பச்சையானது. மறுபடியும் இறைத்தாள். மறுபடியும் முளை கருகியது.

மூன்றாம் முறை இறைத்தபோது தவளைக்குப் பொறுக்கவில்லை.

"மகராசி, உன் சுத்தத்துல நீயே குடியிரு. நான் ஊர்க் குட்டைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தத்தித் தத்திப் போய்விட்டது.

வேறு கிழங்கு வேண்டுமே என்று கோமதியும் ஊர்க் குட்டைக்குப் போனாள். அங்கே தாமரை இலைகளுக்கு நடுவே தண்ணீர் பளிங்கு போல் இருந்தது. அடியில் ஊரும் நத்தைகூடத் தெரிந்தது. தவளை ஓர் இலையில் ஒய்யாரமாக அமர்ந்திருந்தது.

"இதை யார் கழுவுறாங்க?" என்று கோமதி கேட்டாள்.

"யாரும் கழுவல. அதனாலதான் இப்படி இருக்கு."

புதுத் தண்ணீர் முதலில் பச்சையாகத்தான் இருக்கும், இலை வந்து நிழல் விழுந்தால் அது தானாக அடங்கும், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்று தவளை சலிப்போடு விளக்கியது. கோமதி குட்டைக் கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் யோசித்தது குளத்தைப் பற்றி மட்டுமல்ல.

வீட்டுக்கு வந்து புதுக் கிழங்கை நட்டாள். தூணோரம் நின்ற உலகம்மையிடம், "இனிமே இதை நாம யாரும் இறைக்கக் கூடாது, கண்ணு. அதுவா தெளியட்டும். இது என் வாக்கு" என்றாள். அதற்குப் பிறகு குழந்தையிடம் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தினமும் கீரையை எடுத்துக்கொண்டு குளத்தோரம் உட்கார்ந்து ஆய்ந்தாள். தண்ணீர் பச்சையானது. கை துறுதுறுத்தது. கையைக் கீரையில் வைத்துக்கொண்டாள். வைகாசியில் குழந்தை தூணை விட்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தது. ஆனியில் கிணற்றடிக்கு வந்தது. ஆனி முடிவதற்குள் கோமதியின் முந்தானை படும் தூரத்துக்கு வந்துவிட்டது. மடியில் கொண்டுவந்த பொரியை ஒவ்வொன்றாக மீன்களுக்குப் போட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

ஆடி பிறந்தது. நம்பி வந்தார். குளத்தில் பாதியைத்தான் இலை மூடியிருந்தது. மீதிப் பாதி இன்னும் பச்சைதான்.

அவர் முகம் சுளித்தார். "பாசி பிடிச்ச தண்ணி பக்கத்துலயா பிள்ளைய விட்டிருக்க?" என்றார். பிறகு, கோமதியின் முகத்தைப் பார்த்து மனம் இளகினார். "சரி. இதை இப்பவே இறைச்சுச் சுத்தம் பண்ணு. என் தங்கச்சி பிள்ளைய நல்லாத்தான் பார்த்துக்கிறன்னு நினைச்சு, இங்கேயே விட்டுட்டுப் போறேன்."

கேட்டீர்களா? இறைத்தால் குழந்தை அவளுக்கு. கோமதி வாளியைக் கையில் எடுத்தேவிட்டாள். அப்போது உலகம்மை அவளையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. குழந்தையின் மடியில் அன்றைக்கான பொரி இருந்தது.

கோமதி வாளியைக் கீழே வைத்தாள்.

"இல்ல அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நாள்ல அதுவே தெளிஞ்சிரும். இறைக்கிறதில்லன்னு பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

நம்பிக்குக் கோபம் வந்தது. பேசாத பிள்ளைக்கு வாக்காம் என்று சொல்லிக்கொண்டே வாளியைத் தாமே எடுத்துக் குனிந்தார்.

"தொடாதீங்க மாமா."

குரல் துருப்பிடித்த கதவு திறப்பது போல் வந்தது. உலகம்மை அவருக்கும் குளத்துக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எங்கம்மா தொடக் கூடாதுன்னு சொல்லிருக்கா."

நம்பியின் கையிலிருந்து வாளி நழுவியது. "எந்தம்மா?" என்று கேட்டார்.

இதுகூடத் தெரியாதா என்பது போல் உலகம்மை அவரைப் பார்த்தாள். பிறகு கோமதியின் முந்தானையைப் பிடித்துக் காட்டினாள்.

நம்பி அன்று விருந்துண்டார், தனியாக ஊருக்குத் திரும்பினார். ஆவணியில் குளம் தெளிந்து அடிமணல் தெரிந்தது. பழைய தவளை திரும்பி வந்து, பெரிய இலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் அதற்கு நிம்மதி இல்லை. மூன்றாம் நாளே, இந்தப் பிள்ளை ஓயாமல் பேசுகிறதே, கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லக் கூடாதா என்று கோமதியிடம் முறையிட்டது.

நீரானாலும் நெஞ்சானாலும், அன்போடு அருகில் இருந்து அவகாசம் கொடுப்பவருக்கே அது தெளிந்து காட்டும்.